மூன்று பேர் படம் போதாது: கொங்குநாட்டு சிம் ரேஸிங் அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் பக்கம் கல்லூரிகளிலும் கேமிங் சென்டர்களிலும் கார் பந்தய வீடியோ கேம் போட்டி நடத்துகிற எல்லோருக்கும் வணக்கமுங்க.

நான் சூலூர் பக்கம் ஒரு நூற்பாலையில், தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் 22 வருஷமாக வேலை பார்க்கிறேன். கார் பந்தய ஆசை அதற்கும் முந்தியது. 2003ல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்த பிறகு, பந்தய நாட்களில் ஓரமாக நின்று ஸ்டாப்வாட்சில் சுற்று நேரம் பிடித்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். யாரும் கேட்டு எழுதவில்லை, எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். இப்போது என் அக்கா மகன் (மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன்) சிம் ரேஸிங், அதாவது கம்ப்யூட்டரில் ஓட்டுகிற கார் பந்தயம், ஓட்டுகிறான். நோட்டு மட்டும் மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.

உங்கள் உழைப்பை நேரில் பார்த்தவன் நான். வீல், பெடல், சீட், மானிட்டர் எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாகக் கடன் வாங்கி, குட்டி யானையில் ஏற்றி, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேபிள் இழுத்து, காலையில் இன்வெர்ட்டர் ஏமாற்றிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு நிற்கிறீர்கள். ஸ்பான்சர் தருகிற தொகை பரிசுக்கே சரியாகப் போய்விடுகிறது. அதனால் இந்த மடலைக் குறை சொல்லும் மடலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். பந்தயம் முடிந்ததும் அதன் கணக்கு எங்கே போகிறது?

நம் ஊர் ரேக்ளா பந்தயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் போனால், காளையின் பல் கணக்குப் பார்த்து 200 மீட்டர், 300 மீட்டர் என்று பிரித்து விடுகிறார்கள். ஒவ்வொரு வண்டியும் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் இத்தனை நொடி, இத்தனை புள்ளி என்று மைக்கில் சொல்கிறார்கள். கமிட்டி மேசையில் ஒருவர் அதை எழுதிக்கொண்டே இருக்கிறார். தங்கக் காசு வாங்கின ஜோடிக்கு மட்டும் அல்ல, பாதியில் விலகி ஓடின ஜோடிக்கும் ஒரு வரி உண்டு. அடுத்த வருஷம் டீக்கடையில் உட்கார்ந்து, எந்தத் தோட்டத்துக் காளை எந்தப் பந்தயத்தில் எத்தனை நொடியில் வந்தது என்று பேசுகிறார்கள் என்றால், அந்த ஏடு இருப்பதால்தான் பேச முடிகிறது. கம்ப்யூட்டரில் ஓடுகிற பந்தயத்திலோ ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வரை மிஷினே எழுதித் தருகிறது. அதை நாம் பத்திரப்படுத்துவதே இல்லை.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியில் போட்டி. ஃபார்முலா 1 (எஃப்1) கேம், இத்தாலியின் மான்சா டிராக், 14 சுற்று. 20 பையன்கள் ஓட்டினார்கள். மாப்பிள்ளை மூன்றாவது வந்தான். மேடையில் மூன்று பேர் நின்றார்கள், படம் எடுத்தார்கள், அன்றைக்கு ராத்திரி வாட்ஸப்பில் அந்தப் படம் சுற்றியது. மீதி 17 பேருக்கு "பங்கேற்றமைக்காக" என்று ஒரு சான்றிதழ். அதோடு முடிந்தது.

போன வருஷம் வெளியூர் அணி ஒன்று ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு மாப்பிள்ளை எழுதிப் போட்டான். அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான்: கடைசியாக ஓட்டிய பந்தயங்களின் சுற்று நேரம், குவாலிஃபையிங்கில் (கிளம்பும் இடத்தை முடிவு செய்கிற சுற்றில்) எத்தனையாவது, எத்தனை பெனால்டி, எத்தனை முறை பாதியில் விலகினாய்? இவனிடம் இருந்தது ஐந்து சான்றிதழும் ஒரு கோப்பையும். போட்டி நடத்தினவர்களைக் கேட்டோம். சிஸ்டத்தை அன்றைக்கே ஃபார்மேட் பண்ணிவிட்டோம் என்றார்கள், வருத்தப்பட்டுத்தான் சொன்னார்கள். "மாமா, அன்னைக்கு நீங்க நோட்டுல எழுதினீங்களே, அது இருக்குதுங்களா?" என்று கேட்டான். இருந்தது. ஐந்தில் அந்த ஒரு பந்தயம் மட்டும்.

அந்தப் பக்கத்தை இப்போதும் முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீல மை, இரண்டு பத்தி. இடது பக்கம் முதலாவது வந்த பையன், வலது பக்கம் மாப்பிள்ளை. முதலாவது வந்தவனின் மிக வேகமான சுற்று 1:22.4. மாப்பிள்ளையின் வேகமான சுற்று 1:23.1. இதை மட்டும் பார்த்தால் அந்தப் பையன் எங்கேயோ இருக்கிறான். ஆனால் பத்தியைக் கீழே படித்துக்கொண்டே வந்தால், அவனுக்கு 1:25 தொட்ட சுற்றுகளும் இருக்கின்றன. மாப்பிள்ளைக்கு, நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற முதல் சுற்றை விட்டுவிட்டால், மீதி 13 சுற்றும் 1:23.1க்கும் 1:23.5க்கும் நடுவிலேயே நிற்கின்றன. கடைசியில் இவன் 2.2 நொடி பின்னால். அதுவும் 3 நொடி பெனால்டியைச் சேர்த்துத்தான். பரபோலிக்கா வளைவில் நாலு சக்கரமும் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே போனதற்காகக் கொடுத்தது. சரியான பெனால்டிதான், அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் "மூன்றாவது" என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கியிருப்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆய்வகத்தில் எங்களுக்கு இது தினசரிப் பாடம். நாற்பதாம் நம்பர் நூல் என்று லேபிள் ஒட்டினால் மட்டும் போதாது. சராசரி கவுண்ட் நாற்பது வரும், ஆனால் நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் தறியில் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் சராசரிக்குப் பக்கத்திலேயே சிவி சதவீதம், அதாவது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் எழுதுகிறோம். சோமனூர் தறிக்காரர் நூல் வாங்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். ஓட்டுநருக்கும் இதே கணக்குதான். ஒரு சுற்று வேகமாகப் போவது ஒரு திறமை, 14 சுற்றும் ஒரே மாதிரி போவது இன்னொரு திறமை. அணிக்காரர்கள் இரண்டையும் தேடுகிறார்கள். நாம் கொடுக்கிற சான்றிதழில் இரண்டுமே இல்லை.

உலகப் போட்டிகளின் ஏட்டைத் திறந்து பார்த்தால் இதன் அருமை புரியும். ஃபார்முலா 1 தன் பெயரில் இ-ஸ்போர்ட்ஸ் (வீடியோ கேம்) உலகப் போட்டியை 2017ல் தொடங்கியது. அந்த வருஷமே 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தகுதிச் சுற்றில் ஓட்டினார்கள், அபுதாபி இறுதிக்குப் போனவர்கள் 20 பேர். இங்கிலாந்தின் பிரெண்டன் லீ வென்றார், 2018லும் அவரே. 2019ல் இத்தாலியின் டேவிட் டோனிட்சா. ஃபெராரி முதன்முதலாக அந்தப் போட்டிக்குள் வந்த வருஷம் அது, அவருக்கும் முதல் பருவம். 2020ல் நெதர்லாந்தின் யார்னோ ஓப்மீர் ஆல்ஃபா ரோமியோ அணிக்காக வென்றார், 2021ல் மெர்சிடிஸுக்கு மாறி மறுபடியும் வென்றார். 2022ல் ஸ்காட்லாந்தின் லூகாஸ் பிளேக்லி, மெக்லாரன் அணி.

இது கோப்பைக் கணக்கு. இதோடு நிறுத்தியிருந்தால் டென்மார்க்கின் ஃப்ரெட்ரிக் ராஸ்முசென் என்று ஒருவர் 2022 வரை இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. 2019ல் டோனிட்சாவுக்கு அடுத்த இடம் அவருக்கு. அந்த வருஷம் ஓட்டுநர் பட்டம் ஃபெராரிக்காரருக்குப் போனாலும் அணிப் பட்டம் ரெட் புல்லுக்குப் போனது, அதில் ராஸ்முசென் சேர்த்த புள்ளிகளுக்குப் பெரிய பங்கு. 2020லும் அதே கதை: ஓட்டுநர் பட்டம் ஓப்மீருக்கு, அணிப் பட்டம் ரெட் புல்லுக்கு. பட்டம் இல்லாமலேயே அவர் உலகத்தின் முதல் வரிசை ஓட்டுநர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் ஒவ்வொரு பந்தயத்தின் ஒவ்வொரு இடமும் ஏட்டில் இருந்தது. 2023-24 பருவத்தில் கடைசியாகப் பட்டமும் வந்து சேர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது வந்த நாட்களை எழுதி வைத்ததால்தான் அந்த வெற்றியின் கனம் புரிகிறது. எங்கள் வீட்டில் அன்றைக்கு நாங்கள் சந்தோஷப்பட்டோம், எங்கேயோ இருக்கிற டென்மார்க்காரருக்காக.

இன்னொரு கணக்கு என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத் தொடர் ஓட்டுநர் வில்லியம் பைரன். சின்ன வயதில் இவருக்கு நிஜக் கார் கிடையாது, ஐரேஸிங் என்ற கம்ப்யூட்டர் பந்தயத்தில்தான் ஓட்டிக் கற்றுக்கொண்டார். அங்கே அவர் ஓட்டியது 683 பந்தயம், வென்றது 104, முதல் ஐந்து இடத்துக்குள் வந்தது 203. பிறகு 2024லும் 2025லும் டேடோனா 500 பந்தயத்தை வென்றார். எல்லோரும் 104ஐத்தான் பேசுவார்கள். நான் பார்த்தது மீதி 579ஐ. ஒரு பொடிப்பையன் வீட்டில் உட்கார்ந்து தோற்ற 579 பந்தயமும் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. ஐரேஸிங் அப்படித்தான்: டிராக்கை விட்டு வெளியே போனால் ஒரு புள்ளி, சுழன்றால் இரண்டு, பலமாக மோதினால் நான்கு என்று தப்பையும் எண்ணுகிறது, அதை வைத்தே பாதுகாப்பு மதிப்பெண் போடுகிறது. நம் பையன்களில் ஒருவன் 683 பந்தயம் ஓட்டியிருந்தால் நம்மிடம் எத்தனைக்குக் கணக்கு இருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

கணக்கு இருந்தால் கதவு திறக்கிறது என்பதற்கு நிஜ உதாரணங்கள் இருக்கின்றன. 2018ல் மொனாக்கோவில் நடந்த கிரான் டூரிஸ்மோ என்ற கார் பந்தய கேமின் நேஷன்ஸ் கோப்பை இறுதியை வென்ற பிரேசிலின் இகோர் ஃபிராகா, 2020ல் நியூசிலாந்தின் டொயோட்டா ரேஸிங் சீரீஸை நிஜக் காரில் வென்றார். முதல் எஃப்1 இ-ஸ்போர்ட்ஸ் இறுதியில் ஓட்டிய துருக்கியின் ஜெம் பொலுக்பாஷி 2022ல் ஃபார்முலா 2 வரைக்கும் போனார். ஜேம்ஸ் பால்ட்வின், 2019ல் சிம் ரேஸிங் போட்டி ஒன்றை வென்று, அடுத்த வருஷம் பிரிட்டிஷ் ஜிடி தொடரில் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே ஜெயித்தார். பந்தயக்காரர்கள் கரிவர்தனும் நரேன் கார்த்திகேயனும் வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது ஏக்கமாக இருக்கிறது. இங்கே திறமைக்குப் பஞ்சம் இல்லை.

ஆனால் எழுதி வைத்தால் மட்டும் போதாது, சரியாக எழுத வேண்டும். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

நம் நரேன் கார்த்திகேயனையே சொல்கிறேன். 2005ல் இந்தியானாபொலிஸில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரியில் அவர் நான்காவது இடம், 5 புள்ளி. ஃபார்முலா 1ல் புள்ளி வாங்கிய முதல் இந்தியர். அதே ஏட்டில் இன்னொரு வரியும் இருக்கிறது: மிஷெலின் டயர் பாதுகாப்பாக இல்லை என்று 14 கார்கள் பந்தயத்துக்கு முந்தைய ஃபார்மேஷன் சுற்று முடிந்ததும் பிட்டுக்குள் (அணிகள் காரை நிறுத்தும் இடத்துக்குள்) போய்விட்டன, பந்தயம் ஓட்டியது 6 கார்கள். இந்த வரியை மறைத்தால் அவருக்குப் பெருமை சேர்ப்பதாக நினைக்க வேண்டாம். முழுதாக எழுதினால்தான், 72 சுற்று ஓட்டி, கடைசி வரை காரைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்தார் என்பதும் தெரியும். சூழ்நிலையோடு சேர்த்து எழுதிய எண்ணைத்தான் நாலு பேர் நம்புவார்கள்.

சிம் ரேஸிங்கில் இந்தச் சூழ்நிலை என்பது இன்னும் நுணுக்கம். கேம் வருஷா வருஷம் மாறுகிறது. 2019 பதிப்பில் மான்சாவில் பிடித்த நேரத்தையும் 2023 பதிப்பில் பிடித்த நேரத்தையும் பக்கத்தில் வைத்து "ரெக்கார்டு உடைந்தது" என்று போஸ்டர் அடிக்க முடியாது. டயர் தேய்கிற விதம் வேறு, காரின் கனம் வேறு, பிடிமானம் வேறு. நடுவில் ஒரு அப்டேட் வந்தாலே கணக்கு மாறிவிடும். உலகப் போட்டியில் எல்லாக் கார்களுக்கும் ஒரே செயல்திறன் வைத்து ஓட்டுகிறார்கள், அதனால்தான் அங்கே வித்தியாசம் முழுவதும் கையின் வித்தியாசம் என்று நம்பிச் சொல்ல முடிகிறது. நம் போட்டிகளில் ஒருவன் வீலில் ஓட்டுகிறான், இன்னொருவன் கன்ட்ரோலரில் ஓட்டுகிறான், ஒருவனுக்கு டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்காமல் கேமே பார்த்துக்கொள்கிற உதவி) இருக்கிறது, இன்னொருவனுக்கு இல்லை. தப்பே இல்லை, வசதிக்குத் தகுந்த மாதிரிதான் நடத்த முடியும். ஆனால் எது எப்படி இருந்தது என்று நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு சொல் எழுதிவிடுங்கள்.

அப்புறம், பாதியில் விலகினவர்கள். நம் பட்டியலில் இவர்கள் பெயருக்கு எதிரே ஒரு கோடு மட்டும் இருக்கும், அல்லது பெயரே இருக்காது. 2023 ஜனவரியில் நடந்த லே மான் 24 மணி நேர மெய்நிகர் பந்தயத்தில், நிஜ ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முன்னிலையில் இருந்தபோது கனெக்‌ஷன் அறுந்து பின்னுக்குப் போனார், கொதித்துப்போய்ப் பந்தயத்தை விட்டே விலகினார். அவ்வளவு பெரிய போட்டியிலேயே சர்வர் காலை வாரியது. அப்படியிருக்க நம் ஊரில் மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போவதும் நெட் தொங்குவதும் ஓட்டுகிறவன் தப்பா? சுவரில் மோதி விலகினானா, லைன் போய் விலகினானா என்பது இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தை இல்லாததால் ஒரு பையன் பொறுப்பில்லாதவன் என்று ஆகிவிடுகிறான்.

பெயர் விஷயமும் இருக்கிறது. சின்னதாகத் தோன்றும், ஆனால் இதுதான் என் நோட்டையே குழப்பியது. நம் பிள்ளைகளுக்குத் தலைப்பெழுத்து ஒரு போட்டியில் முன்னால், ஒரு போட்டியில் பின்னால். மூன்றாவது போட்டியில் நிஜப் பெயரே இல்லாமல் கேமில் வைத்துக்கொண்ட பட்டப் பெயர் மட்டும். ஒரே பையன் மூன்று பேராகிவிடுகிறான், மூன்று பேருடைய கணக்கும் அரைகுறையாக நிற்கிறது. முதல் போட்டியில் எழுதின மாதிரியே கடைசி வரை எழுதுவது என்று எல்லா அமைப்பாளர்களும் ஒரு முடிவுக்கு வந்தாலே பாதி வேலை முடிந்தது.

பெற்றோர் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அக்காவே ரொம்ப நாள் இதை ரம்மி மாதிரி ஏதோ என்றுதான் நினைத்தார். அவர் மேல் தப்பில்லை, ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தைத் தொலைத்த வீடுகளை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடுகிற ஆட்டங்களைத் தடை செய்தது, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. ஜப்பானின் ஐச்சி-நகோயாவுக்குக் கொடுக்கப்பட்ட 2026 ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கம் தருகிற ஆட்டங்களின் பட்டியலில் கிரான் டூரிஸ்மோ 7 இருக்கிறது. இதையெல்லாம் அக்காவிடம் எடுத்துச் சொன்னேன், அரை மனதோடு கேட்டுக்கொண்டார். அவரை மாற்றியது அந்த நோட்டுப் பக்கம்தான். 13 வரிசையாக ஒரே மாதிரி எண்ணைப் பார்த்துவிட்டு, "இத்தன நேரமும் கவனம் செதறாம இருந்தானா இவன்?" என்று கேட்டார். பாடப் புத்தகத்தின் முன்னால் பத்து நிமிஷம் உட்காராத பையன் என்று திட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு தாள். தலையில் தேதி, இடம், கேமின் பெயரும் பதிப்பும், டிராக், எத்தனை சுற்று, மழையா வெயிலா, என்னென்ன உதவி அனுமதி. கீழே ஓட்டின அத்தனை பேரும், முதலாவது முதல் கடைசி வரை: குவாலிஃபையிங் நேரம், எந்த இடத்தில் கிளம்பினான், எந்த இடத்தில் முடித்தான், வேகமான சுற்று, மொத்த நேரம், பெனால்டி, விலகினால் காரணம். சுற்று வாரியான நேரத்தைத் தனிக் கோப்பாகச் சேமித்து, சிஸ்டத்தை அழிப்பதற்கு முன்னால் இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள். ஓட்டின பையன் கேட்டால் அவன் தாளை அவனுக்குக் கொடுங்கள், அது அவன் சம்பாதித்தது. எண்ணெல்லாம் மிஷின் தருகிறது, நீங்கள் எடுத்து வைத்தால் போதும், அரை மணி நேர வேலை. ஆள் இல்லை என்றால் ஓட்டாத மாணவர் ஒருவரை அதற்கென்றே உட்கார வையுங்கள். புள்ளியியல் படிக்கிற பிள்ளைகள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள், கேட்டால் ஆசையோடு வருவார்கள்.

பழைய போட்டிகளில் எது மிச்சமிருக்கிறதோ அதையும் தேடுங்கள். யாராவது ஸ்கோர்போர்டை மொபைலில் படம் பிடித்திருப்பார்கள், ஒரு லைவ் வீடியோவின் ஓரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அரைகுறையாக இருந்தாலும் "அரைகுறை" என்று மேலே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நான் எல்லா வாரமும் வர முடியாது, ஷிஃப்ட் இருக்கிறது. பகல் ஷிஃப்ட் வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு ஓய்வு. கோவையிலிருந்து ஈரோடு வரைக்கும் எங்கே போட்டி நடந்தாலும் பஸ் ஏறி வந்துவிடுவேன், சம்பளம் எதுவும் வேண்டாம், ஒரு மேசையும் பிளக் பாயிண்டும் இருந்தால் போதும். மேலே சொன்ன தாளை மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து தமிழில் தயார் பண்ணி நூறு பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். முதல் தாளில் 20 வரி இருக்கிறது. அன்றைக்கு மான்சாவில் ஓட்டின 20 பேரில் இரண்டு பேரின் வரியை நிரப்பிவிட்டேன். மீதி 18 பேரில் யாராவது உங்கள் கல்லூரியில் இருந்தால், அன்றைக்கு எத்தனையாவது முடித்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சூலூரிலிருந்து ஒரு நூற்பாலை ஊழியர்